பதினேழு வயதுக் குரலுக்கு லண்டன் அவசரமில்லை

கேள்வி: டீச்சர், நாங்கள் பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். கணவர் பிறையில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். நான் காலையில் நாசி லெமாக் கட்டி விற்கிறேன். மகளுக்கு 17 வயது, இந்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். சின்ன வயதிலிருந்து கோயில் வகுப்பில் தேவாரம் படித்தவள், திருமுறை ஓதும் போட்டியில் மாநில அளவில் பரிசு வாங்கியவள். பள்ளிப் பாடகர் குழு ஆசிரியை "இவள் சொப்ரானோ, பெண் குரலில் மிக உயர்ந்த வகை" என்று சொல்லிவிட்டார். சார்ல்ஸ் மன்னர் முடிசூட்டு விழாவில் தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவர் பாடிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் மேல் பைத்தியம். ஏழை ஊரிலிருந்து வந்தவராம். அவரைப் போல நானும் ஆவேன், லண்டனில்தான் படிப்பேன் என்கிறாள். யூடியூப்பைப் பார்த்து 'இரவு ராணி' பாட்டை முழுவதும் பாடுகிறாள். இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம், பற்றாததற்கு நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். மாமியார் வீட்டில், "கோயிலில் பாடினால் போதாதா, இந்த வெள்ளைக்காரப் பாட்டு எதற்கு?" என்கிறார்கள். அவளுக்குப் பியானோ தெரியாது. இப்போது ஆரம்பித்தால் தாமதமா? பணத்தைப் போடலாமா? பிழைக்க முடியுமா? அவள் தேவாரம் பாடுவதையும் ஓபரா பாடுவதையும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாதமாகக் காலையில் தொண்டை கட்டுகிறது. தேனும் இஞ்சியும் கொடுத்து வருகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், விடலாமா?

— ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். லண்டன் பேச்சு அப்புறம். முதலில் தொண்டை.

போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. சளி, இருமல் இல்லாமல் குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பாடுகிற பிள்ளை என்றால் அதற்கும் முன்பே. தேனும் இஞ்சியும் இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. சாப்பாடு போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் காட்டி, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். நாணில் சிறு தடிப்போ முடிச்சோ இருந்தாலும் பதற வேண்டாம். குரலுக்கு ஓய்வும் முறையான பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலையில், பக்கத்தில் கைக்குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, மேல் ஸ்தாயியில் மிக மெல்லிய "ஊ" ஒன்று பாடச் சொல்லுங்கள். சுரம் தெளிவாக வந்தால் நல்லது. மெல்லப் பாடும்போது வெறும் காற்று வந்து, அழுத்தினால்தான் சுரம் பிடிக்கிறது என்றால் நாண் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்குப் பாட்டு வேண்டாம். சத்தமாகப் பாடினால் அந்த வீக்கம் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பிள்ளைகள் "எனக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே பாடுகிறேன்" என்பார்கள்.

காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, நீங்கள் அனுப்பிய இரண்டாவது பதிவிலேயே இருக்கிறது. முதலாவதில் ஐந்தரைக் கட்டை சுருதியில் தேவாரம் பாடுகிறாள். அதில் அவள் எட்டிப் பிடிக்கும் உச்சம் மேல் காந்தாரம். ஒரு சொப்ரானோவுக்கு அது உச்சமே இல்லை, குரலின் நடுப்பகுதி. மொசார்ட்டின் மாயப் புல்லாங்குழல் ஓபராவில் இரவு ராணி பாடும் பாட்டு அதற்கும் மேலே ஒரு ஸ்தாயிக்கு அதிகமாக ஏறுகிறது. அந்த உச்ச சுரத்தில் குரல் நாண்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 1,400 முறை அதிர வேண்டும். நீங்களும் நானும் பேசும்போது 200 முறை அதிர்ந்தாலே அதிகம். உங்கள் மகள் அந்த இடத்துக்கு வரும்போது முகவாய் மேலே போகிறது, தாடை முன்னால் தள்ளுகிறது, கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு கயிறாகத் தெரிகிறது. சுரம் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. எட்டாத சாமானைக் குதித்து எடுப்பது போல வருகிறது. தினமும் நாலைந்து தடவை இப்படிக் குதித்தால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்?

அவளிடம் இதையும் சொல்லுங்கள்: 1791-இல் வியன்னாவில் அந்தப் பாத்திரத்தை முதன்முதலில் பாடிய யோசெஃபா ஹோஃபர், மொசார்ட்டின் மைத்துனி. அப்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அவருடைய குரலை மனத்தில் வைத்து எழுதிய பாட்டு அது. பத்து வயதுப் பிள்ளையை மேடையேற்றி ஓபரா பாடவைத்துக் கைதட்டும் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெண் குரல் லேசான வகையாக இருந்தால் இருபதுகளின் நடுவிலும், கனமான வகையாக இருந்தால் முப்பதை ஒட்டியும்தான் நிலைக்கு வரும். உங்கள் மகள் எந்த வகை என்று பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார் என்கிறீர்கள். 17 வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். தேவாரப் பதிவில் பாதியில் சுருதிப் பெட்டி நின்றுவிடுகிறது. பிள்ளை நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முடித்த இடத்தை இங்கே என் பியானோவில் தட்டிப் பார்த்தேன். ஸட்ஜம் இம்மிகூட நகரவில்லை. இது எல்லாருக்கும் வருவதில்லை. பட்டம் வாங்கிய பாடகர்களிலும் பலருக்கு இல்லை. அந்தப் பதிவை நான் மறுபடியும் போட்டுக் கேட்டேன், வேலைக்காக அல்ல.

இப்போது அந்தத் தென்னாப்பிரிக்கப் பாடகி கதைக்கு வருகிறேன். மகள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் தப்பே இல்லை, ஆனால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்திருக்கிறாள். பிரிட்டி யெண்டே 1985-இல் பிறந்தவர். ஊர் பீட் ரெட்டீஃப், பெருநகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் சிறிய ஊர். தேவாலயத்திலும் வீட்டிலும் பாடி வளர்ந்தவர். 16 வயதில் தொலைக்காட்சியில் ஒரு விமானக் கம்பெனியின் விளம்பரம் ஓடுகிறது, பின்னணியில் இரண்டு பெண் குரல்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் போய் அது என்ன பாட்டு என்று கேட்கிறார், ஓபரா என்று பதில் வருகிறது. டெலீப் 1883-இல் எழுதிய லாக்மே என்ற ஓபராவின் பாட்டு அது. கதை நடப்பது இந்தியாவில், பாடும் இரண்டு பெண்கள் ஒரு குருக்களின் மகளும் அவளுடைய பணிப்பெண்ணும். இலங்கையில் முத்துக் குளிப்பவர்களை வைத்து பிசே 1863-இலேயே ஓர் ஓபரா எழுதிவிட்டார், அந்த மனிதர் இலங்கையைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. மாமியார் வீட்டில் "வெள்ளைக்காரப் பாட்டு" என்று பேச்சு எழும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நேரமாவது வாயடைக்கும்.

கதை வழக்கமாக இந்த இடத்தில் தாவி, நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஓபரா மேடைக்குப் போய்விடும். அங்கே அவர் முதலில் பாடியது 2013 ஜனவரியில். நடுவில் 11 ஆண்டு. அந்த 11 ஆண்டில் அவர் செய்ததுதான் உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய விஷயம். பள்ளி முடித்ததும் லண்டனுக்கோ மிலானுக்கோ ஓடவில்லை. சொந்த நாட்டில், கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் படித்தார். 2009-இல் பெல்வெடேர் என்ற அனைத்துலக ஓபரா பாட்டுப் போட்டியில் வென்றார். அப்போது வயது 24. மிலானின் லா ஸ்காலா அரங்கத்தின் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். தொழில்முறையில் முதல் பாத்திரம் லாட்வியா நாட்டின் ரீகா நகரில், கார்மென் ஓபராவில். கதாநாயகி வேடம்கூட இல்லை. 2011-இல் ஒப்பெராலியா என்ற இன்னொரு பாட்டுப் போட்டி. அதற்குப் பிறகுதான் நியூயார்க், அதுவும் வேறொரு பாடகி விலகியதால் கடைசி நேரத்தில் கிடைத்த வாய்ப்பு. முதல் நாள் மேடைக்கு வரும்போதே தடுக்கி விழுந்தார். எழுந்து பாடினார். கொஞ்ச நாள் அவகாசத்தில் ஒரு முழுப் பாத்திரத்தை எடுத்துச் செய்ய அவரால் முடிந்தது என்றால், முந்தைய பத்தாண்டுகளின் வேலை உள்ளே இருந்ததால்தான்.

இத்தாலிய ஓபரா பாடகர் பாவரொட்டி கதையும் இதே மாதிரிதான். ரொட்டி சுடுகிறவரின் மகன், அம்மாவுக்குச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை. முதல் ஆசிரியர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். படிக்கும் காலத்தில் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தினார், காப்புறுதி விற்றார். இடையில் குரல் நாணில் முடிச்சு வந்து பாட்டையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்தவர். 1961-இல் மேடையேறியபோது, பாட்டைத் தீவிரமாகப் படிக்கத் தொடங்கி ஏழு ஆண்டு ஆகியிருந்தது.

ஆகவே தாமதமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: இல்லை. வயலினை 17 வயதில் முதன்முதலாகக் கையில் எடுக்கிறாள் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். குரலுக்கு இது சரியான வயது. மேற்கத்திய சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாட வராது, அது பெரிய குறைதான். ஆனால் இரண்டு வருடத்தில் சரி செய்யக்கூடிய குறை. பியானோவில் கச்சேரி செய்ய வேண்டாம், தன் பாட்டின் சுரங்களைத் தானே தட்டிக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு வந்தால் போதும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தில் ஆறாம் நிலையிலிருந்து பாட்டுத் தேர்வு எழுத, ஐந்தாம் நிலை இசைக் கோட்பாடோ அதற்கு ஈடான தேர்வோ முடித்திருக்க வேண்டும். அதை இலக்காக வையுங்கள்.

தேவாரம் படித்தது கெடுதலா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சில மேற்கத்திய ஆசிரியர்கள் கேட்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். தாளம், மனப்பாடம், சுருதி மூன்றும் கையில் இருக்கிறது. இத்தாலிய மொழியில் அ, எ, இ, ஒ, உ எல்லாம் நம் வாயில் வருவது போலவே சுத்தமாக நிற்கும். "அம்மா", "பட்டு" என்று மெய்யை அழுத்திச் சொல்லும் பழக்கம் இத்தாலியருக்கும் உண்டு, ஆங்கிலேய மாணவர்கள் அதற்குத் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். கஷ்டம் வேறு இடத்தில். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் கமகத்தை மொசார்ட்டிடம் கழற்றி வைக்க வேண்டும். நமக்கு வசதியான கட்டைக்குப் பாட்டை இறக்க முடியாது, எழுதிய இடத்தில்தான் பாட வேண்டும். அப்புறம், மைக் கிடையாது. கோயிலில் ஒலிபெருக்கி செய்யும் வேலையை இங்கே மண்டையும் தொண்டையும் செய்ய வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கும். பயிற்சி பெற்ற குரல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கணீரென்று ஒலித்து அதைத் தாண்டி வரும். அது கத்துவதால் வருவதில்லை, தொண்டையின் உள் இடத்தை அமைத்துக்கொள்வதால் வருகிறது. ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும், போனில் இது தெரியாது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல். இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் டேவான் பிலார்மோனிக் பெட்ரோனாஸில் பாடகர் வரும் கச்சேரியாகப் பார்த்து, இருப்பதிலேயே மலிவான டிக்கெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரவு ராணி வீடியோ ஆயிரம் பார்ப்பதை விட அது மேல்.

ஆசிரியரைத் தேட பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் வரை போக வேண்டியிருக்கலாம். நல்லவரா என்று பாட்டுத் தெரியாத நீங்களே கண்டுபிடிக்கலாம். வகுப்பு முடிந்து வந்தால் பிள்ளை சாதாரணமாகப் பேச வேண்டும். தொண்டை கரகரத்து வந்தால், ஒரு தடவைக்கு மேல் பொறுக்காதீர்கள். முதல் வருடம் பழைய, சின்னச் சின்ன இத்தாலியப் பாட்டுகளைக் கொடுத்து மூச்சையும் உச்சரிப்பையும் பார்ப்பவர் சரியான ஆள். மூன்றாம் மாதமே பெரிய ஓபரா பாட்டைக் கொடுத்து வீடியோ எடுத்துப் போடுகிறவர் தனக்கு விளம்பரம் தேடுகிறார்.

பணம். கல்விக்காக இபிஎஃப் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் லண்டன் இசைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே 25,000 பவுண்டுக்கு மேல். பட்டப்படிப்பு நான்கு வருடம். வாடகை, சாப்பாடு சேர்க்காமலே ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டும். இன்னும் உருவாகாத ஒரு குரலுக்காக, பஸ் ஓட்டிச் சேர்த்த பணத்தையும் உங்கள் நகையையும் போடாதீர்கள். கல்லூரி முழு உதவித்தொகை கொடுத்தால் பேச்சே வேறு, அப்போது நானே கடிதம் எழுதித் தருகிறேன்.

முதல் படிப்பு இங்கேயே இருக்கட்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே மிண்டனில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது. செராஸில் யு.சி.எஸ்.ஐ. தனியார், கட்டணம் கூடுதல். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான் கிடைக்கும், அதுவும் ஒரு காரணம். எதற்கும் எஸ்.பி.எம். வேண்டும். பாட்டு மயக்கத்தில் சரித்திரப் பாடத்தைக் கோட்டை விட்டால் சான்றிதழே கிடையாது என்பதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள்.

பட்டம் முடிந்து 22, 23 வயதில் குரல் நன்றாக இருந்தால் வெளிநாட்டைப் பார்க்கலாம். அப்போதும் என் கண் லண்டன் மேல் இல்லை, ஜெர்மனி மேல். அங்கே அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன் வியூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்காக ஒரு வருடச் செலவைச் சுமார் 12,000 யூரோ வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். இபிஎஃப் பணத்தை நினைக்க அதுதான் நேரம். சில கல்லூரிகளில் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு, முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். ஜெர்மன் மொழி கட்டாயம். பினாங்கிலேயே மலேசிய ஜெர்மன் சங்கத்தில் வகுப்பு நடக்கிறது. எஸ்.பி.எம். முடிந்து முடிவு வரும்வரை பிள்ளைக்குக் கையில் மாதங்கள் இருக்குமே, அப்போது அடிப்படை வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

பிழைக்க முடியுமா? ஓபரா மட்டும் பாடி மலேசியாவில் குடும்பம் நடத்த முடியாது. மாதச் சம்பளம் கொடுத்துப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா அரங்கம் நம் நாட்டில் இல்லை. ஜெர்மனியில் அரசு மானியத்தில் 80-க்கும் மேற்பட்ட ஓபரா அரங்கங்கள் இருக்கின்றன, அவற்றின் பாடகர் குழுக்களில் முழுநேர வேலை உண்டு. பேரும் புகழும் வராது, சம்பளமும் ஓய்வூதியமும் வரும். போட்டி கடுமை, சொப்ரானோக்களிடையே மிகக் கடுமை, ஏனென்றால் எங்கே பார்த்தாலும் அவர்கள்தான் அதிகம். உள்ளூரில் என்றால் குரல் ஆசிரியர் வேலை, பள்ளிப் பாடகர் குழு, இடையிடையே கச்சேரி. உலகப் புகழ் பெறுபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மகளிடம் இதை மறைக்க வேண்டாம். கேட்டுவிட்டும் பாட நினைக்கிறாளா என்று பாருங்கள், நினைப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தைப்பூசம் பற்றி: மருத்துவர் நாணைப் பார்த்துவிட்டுச் சரி என்றால் தாராளமாகப் பாடட்டும். ஐந்தரைக் கட்டை வேண்டாம், அன்றைக்கு ஐந்தில் பாடட்டும். ஒலிபெருக்கி முகத்துக்கு நேராக இருந்தால் தன் குரல் தனக்குக் கேட்காமல் கத்த ஆரம்பிப்பாள், அதனால் அதற்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முந்தின இரவு விழித்திருந்து உறவுக்காரர்களோடு சந்தடியில் சத்தம் போட்டுப் பேசுவதுதான் பாடுவதைவிடத் தொண்டைக்குக் கேடு. கையில் தண்ணீர் போத்தல் இருக்கட்டும். மருத்துவரிடம் இன்னும் போகவில்லை என்றால், பாட வேண்டாம். போய்ப் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், பயிற்சியை எங்கே ஆரம்பிப்பது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.